நகானோ மந்தராகே: "இதெல்லாம் திருட்டு புக்கா அக்கா?"

டோக்கியோ வர்ற நம்மாளுங்க எல்லாரும் முதல்ல கேக்குறது ஜப்பான் கார்ட்டூன் படம் (அனிமே), காமிக்ஸ் (மங்கா) கடைங்க நிறைஞ்ச அகிஹபாராவுக்கு எப்படிப் போறதுன்னுதான். போங்க, வேணாம்னு சொல்லல. ஆனா ஒரு மதியம் மிச்சம் இருந்தா ஷின்ஜுகுல சூவோ லைன் ஏறி அஞ்சு நிமிஷத்துல நகானோல இறங்கிடுங்க. வடக்குப் பக்கமா வெளிய வந்தா எதிர்லயே கூரை போட்ட நீளமான கடைத்தெரு, சன் மால்னு பேரு, அதுல நேரா நடந்துட்டே இருந்தா முடியற இடத்துல நகானோ பிராட்வே. 1966ல கட்டின பழைய கட்டடம், கீழ நாலு மாடி கடைங்க, மேல வீடுங்க. அங்க எஸ்கலேட்டர் ஏறினா ரெண்டாவது மாடிய விட்டுட்டு நேரா மூணாவதுக்குக் கொண்டு போய் விடும், பதறாதீங்க, எல்லாருக்கும் அப்படித்தான்.

இந்தக் கட்டடத்துக்குள்ளதான் மந்தராகே இருக்கு. ஃபுருகாவா மசுஸோன்னு ஒரு மங்கா ஆர்ட்டிஸ்ட் 1980ல இங்கேயே ஒரு சின்னப் பழைய புத்தகக் கடையா ஆரம்பிச்சது. இப்ப ஒரே கடையா இல்லாம மாடிக்கு மாடி துண்டு துண்டா பிரிஞ்சு கிடக்கு. பொம்மைக்கு ஒண்ணு, பழைய கேமுக்கு ஒண்ணு, அனிமே வரையறப்ப பயன்படுத்தின செல் ஷீட்டுக்கு ஒண்ணு, பழைய மங்காவுக்கு ஒண்ணுன்னு. மதியம் 12 மணிக்குத்தான் திறப்பாங்க, ராத்திரி 8க்கு மூடிருவாங்க, காலைலயே போய் நிக்காதீங்க. உள்ள போட்டோ எடுக்கக் கூடாது.

பொம்மையப் பத்தி, செல் ஷீட்டப் பத்தி எழுத நிறைய பேர் இருக்காங்க. நான் எழுத வந்தது டோஜின்ஷி பக்கத்தப் பத்தி மட்டும்தான். ஏன்னா இந்த மாதிரி ஒரு கடை நம்ம ஊர்லயோ அமெரிக்காவுலயோ இவ்ளோ பகிரங்கமா, போர்டு போட்டு, பில் போட்டு நடக்குமான்னு யோசிச்சா எனக்கு இன்னும் ஆச்சரியம் போகல.

டோஜின்ஷின்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: பதிப்பகம் எதுவும் இல்லாம ஆளுங்களே சொந்தக் காசுல அச்சடிச்சு விக்கிற புத்தகம். சிலது முழுக்க சொந்தக் கதை, சிலது ஆராய்ச்சி மாதிரி இருக்கும், ஒருத்தர் தன் ஊர் ரயில்வே ஸ்டேஷன் ரப்பர் ஸ்டாம்ப் எல்லாம் சேத்து 40 பக்கம் எழுதியிருந்தத நானே பாத்திருக்கேன். ஆனா அலமாரில பெரும்பாலானது ரசிகர்கள் வரைஞ்சது, அதாவது டிவில வந்த, பத்திரிகைல வந்த பிரபலமான கேரக்டர்களையே எடுத்து வெச்சு தன்னோட கதைய வரைஞ்சு, அச்சடிச்சு, காசுக்கு விக்கிறது. அதத்தான் இந்தக் கடை பழைய புத்தகமா வாங்கி திரும்ப விக்குது.

போன வருஷம் தம்பி லீவுக்கு வந்திருந்தான், அவனக் கூட்டிட்டுப் போனேன். தரையிலருந்து உத்தரம் வரைக்கும் அலமாரி, நடுவுல ஒருத்தர் போனா இன்னொருத்தர் ஒதுங்கணும். புத்தகம் எல்லாம் ரொம்ப ஒல்லி, முதுகுல பேர் எழுதக்கூட இடமில்லாத அளவுக்கு ஒல்லி, அதனால நடுநடுவுல பிளாஸ்டிக் தடுப்பு வெச்சு எந்த சீரிஸ், எந்த கேரக்டர்னு எழுதியிருக்காங்க. ஒவ்வொண்ணையும் கண்ணாடிக் கவர்ல போட்டு டேப் ஒட்டி பின்னாடி விலை ஸ்டிக்கர். நான் ஒண்ணு எடுத்தேன், 300 யென். இருபது வருஷத்துக்கு முன்னாடி வந்த ஒரு ரோபோ சீரிஸோட வில்லன், சண்டையெல்லாம் முடிஞ்ச பிறகு ஒரு மலை கிராமத்துல ஊடோன் (தடியான கோதுமை நூடுல்ஸ்) கடை போட்டுப் பொழைக்கிறான், அவ்ளோதான் கதை, 28 பக்கம். அதுல நாலு பக்கம் முழுக்க மாவு பிசையறது மட்டும். வசனமே கிடையாது. ஊர் ஊரா அழிச்ச கை மாவு பிசையறத அந்த ஆர்ட்டிஸ்ட் நரம்பு நரம்பா வரைஞ்சிருக்காங்க, எனக்கு அங்கேயே நின்னு அழுதுரலாம்போல இருந்துச்சு. அந்த சீரிஸ எடுத்த கம்பெனி இந்தக் கதைய எந்தக் காலத்துலயும் எடுக்காது, அவங்களுக்கு அதுல வியாபாரம் இல்ல. ஆனா அந்த வில்லனை இருபது வருஷமா மனசுல வெச்சிருந்த ஒருத்தருக்கு இந்தக் கதை தேவைப்பட்டுச்சு.

தம்பி அதத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு மெதுவா கேட்டான், "இதெல்லாம் திருட்டு புக்கா அக்கா?"

நல்ல கேள்வி. நானும் டோக்கியோ வந்த புதுசுல ஆபீஸ்ல கூட வேலை பாக்குற ஒரு அக்காகிட்ட இதையேதான் கேட்டேன், அவங்க வருஷத்துக்கு ஒரு டோஜின்ஷி போடுறவங்க. அவங்க சொன்னது, நான் அப்புறம் தேடிப் படிச்சது எல்லாம் சேத்து சொல்றேன்.

சட்டப்படி பாத்தா இப்படி வரையறவங்களுக்கு ஜப்பான்ல பாதுகாப்பு ரொம்பக் கம்மி. அமெரிக்கால இருக்குற மாதிரி ஃபேர் யூஸ்னு, அதாவது நியாயமான பயன்பாட்டுக்கு உரிமைக்காரர் அனுமதி வேணாம்னு ஒரு பொதுவான விலக்கு ஜப்பான் சட்டத்துல இல்ல, பகடிக்குன்னு தனி விலக்கும் இல்ல. பனிமலைல சறுக்கிட்டு வர்றவங்கள எடுத்த ஒரு போட்டோவுல பெரிய கார் டயர ஒட்டி பகடி பண்ணின கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, 1980ல தீர்ப்பு பகடி பண்ணினவருக்கு எதிராத்தான் வந்துச்சு. அப்ப இந்தக் கடை எப்படி நடக்குது? சட்டம் எழுதின விதத்துல ஒரு சின்ன விஷயம் இருக்கு. காப்பிரைட் மீறலுக்கு கிரிமினல் கேஸ் போடணும்னா உரிமைக்காரர் தானா வந்து புகார் குடுக்கணும், போலீஸ் தன்னிச்சையா புடிக்க முடியாதுன்னு ரொம்ப காலமா இருந்துச்சு. உரிமைக்காரர் கண்டுக்காம இருந்தா விஷயம் அதோட முடிஞ்சுது. பெரும்பாலும் அவங்க கண்டுக்கறதில்ல. எழுதி வெச்ச அனுமதி எதுவும் கிடையாது, எழுதாத புரிதல்தான். இந்த மொத்த அலமாரியும் அந்தப் புரிதல் மேல நிக்குது.

ஏன் கண்டுக்கறதில்ல? கம்பெனிங்க இரக்கப்பட்டு விடறாங்கன்னு மட்டும் நான் நம்பல. ரசிகர் வரையற வரைக்கும் அந்த சீரிஸ் உயிரோட இருக்கும், வரைஞ்சு பழகினவங்கதான் நாளைக்கு பத்திரிகைல வரைய வருவாங்க. கிளாம்ப்னு ஒரு பிரபல மங்கா குழு டோஜின்ஷி போட்டு ஆரம்பிச்சவங்க, அது இங்க எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. சொந்தக் கதைக்கு மட்டும்னே 1984லருந்து கொமிதியான்னு ஒரு சந்தை நடக்குது, அங்க பதிப்பகத்து எடிட்டர்களே டேபிள் போட்டு உக்காந்து வர்றவங்க வரைஞ்சத வாங்கிப் பாத்து கருத்து சொல்றாங்க. நாத்தங்காலை மிதிச்சா நாளைக்கு வயல் ஏதுன்னு அவங்களுக்குத் தெரியும்.

இந்தப் புத்தகங்க பொறக்குற இடம் காமிகெட்ங்கற டோஜின்ஷி சந்தை. 1975 டிசம்பர்ல 32 குழுக்களோட, ஏறக்குறைய 700 பேர் வந்த ஒரு சின்னக் கூட்டமா ஆரம்பிச்சுது. 2019 ஆகஸ்ட்ல நாலு நாள்ல வந்தவங்க எண்ணிக்கை 7 லட்சத்து 30 ஆயிரம். ஆபீஸ் அக்காவோட நான் ஒரு தடவை டிசம்பர் காமிகெட் போயிருக்கேன், டோக்கியோ பிக் சைட்ங்கற கண்காட்சி மண்டபத்துல. கடல் காத்து அப்படியே எலும்புக்குள்ள போகும். பள்ளிக்கூட டெஸ்க் மாதிரி பாதி டேபிள்தான் ஒரு குழுவுக்கு, அதுல துணி விரிச்சு, நூறு காப்பிய அடுக்கி, சில்லறை டப்பா வெச்சு உக்காந்தோம். விக்கிறதுக்கு முன்னாடி புது புத்தகத்துல ஒரு காப்பிய நிர்வாகத்துக்கு மாதிரியா குடுக்கணும். அக்கா புத்தகம் 500 யென், அச்சுக்கூலி, டேபிள் கட்டணம், ரயில் செலவு போக கைல நின்னது ராத்திரி ராமென் சாப்பிடற காசுதான். ஆனா காலைல வாங்கிட்டுப் போன ஒரு சின்னப் பொண்ணு மதியம் திரும்பத் தேடி வந்து, அதுக்குள்ள ரெண்டு தடவை படிச்சேன்னு சொல்லி ஒரு லெட்டர் குடுத்துட்டுப் போச்சு. அக்கா அந்த லெட்டர இன்னும் ஆபீஸ் டிராயர்ல வெச்சிருக்காங்க.

இது எல்லாம் சுகமாவே போச்சுன்னு சொல்ல மாட்டேன். 1999ல போக்கிமான் கேரக்டர்கள வெச்சு வயது வந்தோருக்கான டோஜின்ஷி போட்ட ஒரு பெண்ண, கம்பெனி புகார் குடுத்து கைதே பண்ணாங்க. டோஜின்ஷி உலகமே அரண்டு போச்சு. அப்புறம் டோரேமானுக்கு கடைசி அத்தியாயம்னு ஒருத்தர் 2005ல வரைஞ்சு போட்டாரு. மூலத்துக்கு அப்படி ஒரு முடிவே கிடையாது, ஃபுஜிகோ எஃப் ஃபுஜியோ 1996ல தவறிட்டாரு. அந்த ரசிகர் வரைஞ்சது ஒரிஜினல் மாதிரியே இருந்துச்சு, வழக்கமா நூத்துக்கணக்குல போற புத்தகம் 13,000 காப்பி கிட்ட வித்துருச்சு. ஷோகாகுகான் பதிப்பகம் கேள்வி கேட்டு, 2007ல அவரு மன்னிப்பு எழுதிக் குடுத்து வித்த லாபத்துல ஒரு பங்கையும் குடுத்தாரு. அதாவது இங்க ஒரு கோடு இருக்கு, ஆனா அது எங்க இருக்குன்னு எந்தச் சட்டப் புத்தகத்துலயும் எழுதலை. அளவா அச்சடி, ஒரிஜினல்னு ஜனங்க நினைக்கிற மாதிரி பண்ணாத, கம்பெனி தன் பொருளா விக்கிறதுக்குக் குறுக்க நிக்காத. இது வாய்மொழியா வர்ற பழக்கம். எனக்கு இதுல ஒரு பயம் இருக்கு. ஒரு கலைஞனோட இருபது வருஷ உழைப்பு இன்னொருத்தரோட நல்ல மனசை நம்பி நிக்குது, அந்த மனசு நாளைக்கு மாறினா கேக்க உரிமை இல்ல.

அந்த பயம் ஒரு தடவை நிஜமாவே வாசல் வரைக்கும் வந்துச்சு. டிபிபின்னு பசிபிக் கரையோர நாடுகள் சேந்து ஒரு வர்த்தக ஒப்பந்தம் பேசினப்ப, புகார் இல்லாமலே கேஸ் போடலாம்னு சட்டத்த மாத்தணும்னு வந்துச்சு. மங்கா ஆர்ட்டிஸ்ட் அகாமாட்சு கென் அதுக்கு எதிரா ரொம்பப் பேசினவரு. தன்னோட கதைய வெச்சு டோஜின்ஷி போட்டுக்கலாம்னு மூல ஆசிரியரே முன்கூட்டி சொல்றதுக்கு 2013ல டோஜின் மார்க்னு ஒரு முத்திரை வந்துச்சு, அத முதல்ல தன் தொடர்ல போட்டதும் அவருதான். 2022ல அவரு எம்பியாவே ஆயிட்டாரு. கடைசில 2018 டிசம்பர் 30லருந்து சட்டம் மாறினப்ப, புகார் இல்லாம கேஸ் போடறது மூலத்த அப்படியே காப்பி அடிச்சு காசு பாக்குற திருட்டுக்கு மட்டும்னு சுருக்கிட்டாங்க. கதைய மாத்தி வரையற டோஜின்ஷி அதுல வராது. அதே நாள்லருந்து காப்பிரைட் காலம் மட்டும் ஆசிரியர் இறந்து 50 வருஷம்ங்கறது 70 ஆயிருச்சு, அதுல எனக்கு வருத்தம்தான்.

இன்னொரு தீர்ப்பு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. டோஜின்ஷி வரையற ஒருத்தரோட புத்தகங்கள ஒரு வெப்சைட் ஸ்கேன் பண்ணி ஏத்தி விளம்பரத்துல காசு பாத்துச்சு. அவரு கேஸ் போட்டாரு. இவரே அடுத்தவன் கேரக்டர எடுத்தவர்தானே, இவருக்கு என்ன உரிமைன்னு அந்த வெப்சைட் கம்பெனி வாதாடிச்சு. 2020 அக்டோபர்ல டோக்கியோல இருக்குற அறிவுசார் சொத்து உயர் நீதிமன்றம் அத ஏத்துக்கல. கேரக்டர்ங்கற எண்ணத்துக்கு காப்பிரைட் இல்ல, குறிப்பா எந்தப் படத்த காப்பி அடிச்சிருக்குன்னு காட்டணும், அது போக அந்த ஆர்ட்டிஸ்ட் தானா சேத்தது அவரோடதுதான்னு சொல்லி, 20 லட்சம் யெனுக்கு மேல நஷ்ட ஈடு குடுக்க வெச்சுது. தம்பி கேட்ட கேள்விக்கு இதத்தான் பதிலா சொன்னேன். டேய், அந்த மாவு பிசையற நாலு பக்கம் யாரோடது? அந்த ரோபோ கம்பெனியோடதா? இல்லல்ல?

அமெரிக்காவ பாத்தா கதை தலைகீழ். காகிதத்துல அவங்க சட்டம் தாராளம். 1994ல 2 லைவ் க்ரூன்னு ஒரு ராப் பாட்டுக் குழுவோட கேஸ்ல, பகடியா பண்ணினது காசுக்கு வித்தாக்கூட ஃபேர் யூஸா இருக்கலாம்னு அவங்க சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு. ஆனா ரசிகர் வரைஞ்சு விக்கிற இடத்துல அங்க கம்பெனி வக்கீல் சீக்கிரம் வந்துருவாரு. ஸ்டார் ட்ரெக்ங்கற விண்வெளி டிவி தொடரோட ரசிகர்கள் ஆக்ஸனார்னு ஒரு படம் எடுக்க ஜனங்ககிட்ட பத்து லட்சம் டாலருக்கு மேல திரட்டினாங்க, 2015 டிசம்பர்ல உரிமைக்காரங்க பாராமவுண்ட்டும் சிபிஎஸ்ஸும் கேஸ் போட்டாங்க. அடுத்த வருஷம் அவங்களே ரசிகர் படங்களுக்கு விதிமுறை வெளியிட்டாங்க: ஒரு கதைன்னா 15 நிமிஷத்துக்குள்ள, ரெண்டு பாகம்னா மொத்தம் 30 நிமிஷம். மாவு பிசையவே நாலு பக்கம் எடுத்த ஆளுக்கு 15 நிமிஷம்னா என்ன ஆகும்னு நினைச்சுப் பாருங்க. அதனால அங்க ரசிகர் கலை பெரும்பாலும் காசில்லாத பக்கமா ஒதுங்கிருச்சு. ரசிகர்கள் கதை எழுதி ஏத்தற ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் தளத்துல லட்சக்கணக்கான வாசகர்கள் இருக்காங்க, 2019ல சயின்ஸ் ஃபிக்ஷனுக்குப் பெருசா மதிக்கிற ஹ்யூகோ விருதே வாங்கிச்சு, ஆனா எழுதினவங்க அங்க ஒரு பைசா பாக்கக் கூடாது. காப்பிரைட் காலமும் அங்க நீளம்தான், மிக்கி மவுஸோட முதல் வடிவம் பொதுவுக்கு வர 2024 ஜனவரி வரைக்கும், 95 வருஷம் காத்திருக்க வேண்டி இருந்துச்சு.

நான் இவ்ளோ ஆவேசமா எழுதறதுக்கு சொந்தக் காரணமும் இருக்கு. திருச்சில காலேஜ் படிக்கிறப்ப ராத்திரி ராத்திரியா உக்காந்து எட்டுப் பக்கம் ஒரு ரசிகர் காமிக்ஸ் வரைஞ்சேன், அத ஒரு வெப்சைட்ல ஏத்தினேன். மூணாவது வாரம் ஒரு மெயில், உரிமை மீறல்னு, பக்கம் காலி. யாரு புகார் குடுத்தாங்க, எந்தப் படம் தப்பு எதுவும் சொல்லல, பதில் போட்டதுக்கு பதிலும் இல்ல. தப்பு பண்ணிட்டோம்போலன்னு பயந்து ரெண்டு வருஷம் பென்சிலே எடுக்கல. அன்னைக்கு எனக்கு பாதி டேபிளும் துணியும் குடுத்து உக்கார வெச்சிருந்தா நான் இப்ப என்னவா இருந்திருப்பேன்னு இந்தக் கடைக்குள்ள வர்றப்ப எல்லாம் தோணும்.

நம்ம நாட்டுச் சட்டத்துல ஆசிரியர் இறந்து 60 வருஷம் காப்பிரைட். விமர்சனம், சொந்தப் படிப்பு மாதிரி நியாயமான பயன்பாட்டுக்கு 52ஆவது பிரிவுல இடம் இருக்கு, பகடின்னோ ரசிகர் கலைன்னோ எதுவும் பேரு சொல்லி எழுதல. ஆனா உரிமைய விட்டுக் குடுத்தா என்ன ஆகும்ங்கறதுக்கு நம்மகிட்டயே பாரதி இருக்காரு. அவர் பாட்டோட உரிமை கைமாறி கைமாறி ஏவிஎம் செட்டியார்கிட்ட இருந்துச்சு, ஒரு படத்துல பாரதி பாட்டு வெச்சதுக்கு கேஸ் வரைக்கும் போச்சு. 1949ல அரசாங்கம் அந்த உரிமைய எடுத்துக்கிட்டு, அப்புறம் பொதுச்சொத்தாக்கினாங்க. இல்லன்னா 1921ல இறந்தவருக்கு அப்ப இருந்த 50 வருஷக் கணக்குப்படி 1971 வரைக்கும் காத்திருக்கணும். அதுக்குள்ள எத்தனை மேடை, எத்தனை மெட்டு, எத்தனை ஸ்கூல் டிராமா நடந்திருக்காது! டோஜின்ஷி அலமாரிய பாக்குறப்ப எனக்கு அதான் ஞாபகம் வரும், ஒரு வரிய ஆளாளுக்கு ஒரு மெட்டுல பாடற மாதிரி, ஒரு வில்லனுக்கு நூறு பேர் நூறு வாழ்க்கை எழுதியிருக்காங்க.

ஜப்பான்லயே எழுத்துல அனுமதி குடுக்கறவங்களும் இருக்காங்க. 2007ல வந்த ஹட்சுனே மிக்குங்கற, கம்ப்யூட்டர்ல பாட வெக்கிற சாஃப்ட்வேரோட கேரக்டர காசு எதிர்பாக்காம வரையறதுக்கு கிரிப்டன் கம்பெனியே லைசென்ஸ் போட்டு வெச்சிருக்கு. டோஹோ கேம் பண்ற ஸுன் ரசிகர் படைப்புக்குன்னே விதிமுறை குடுத்திருக்காரு. அதனால ரெண்டுக்கும் வந்து குவிஞ்ச புத்தகம், பாட்டு எல்லாம் எண்ண முடியாது. எல்லாரும் இப்படி எழுதிக் குடுத்துட்டா நல்லாருக்கும்னு நான் நினைக்கிறேன். ஆபீஸ் அக்கா ஒத்துக்க மாட்டாங்க. எழுதினா நிபந்தனையும் சேந்து வரும், எழுதாம இருக்கறதாலதான் இவ்ளோ இடம் இருக்குங்கறது அவங்க கட்சி. இன்னும் நாங்க ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வரல.

சரி, கடைக்குப் போறவங்களுக்கு. அலமாரில எழுதியிருக்கறது எல்லாம் ஜப்பானிய மொழிலதான், உங்களுக்குப் பிடிச்ச சீரிஸ் பேரு ஜப்பானிய எழுத்துல எப்படி இருக்கும்னு போன்ல எடுத்துட்டுப் போங்க, கல்லால இருக்கறவங்ககிட்ட காட்டினா எந்த அலமாரின்னு கூட்டிட்டுப் போய் விடுவாங்க, எனக்கு ரெண்டு தடவை அப்படி உதவி பண்ணியிருக்காங்க. ஆண்கள் அதிகம் வாங்கறது, பெண்கள் அதிகம் வாங்கறதுன்னு கடையே தனித்தனி, ரெண்டுக்குள்ளயும் போய்ப் பாருங்க. வயது வந்தோருக்கான புத்தகங்க நிறையவே உண்டு, சின்னப் பசங்களோட போறவங்க டோஜின்ஷி பக்கம் அவங்கள கூட்டிட்டுப் போகாம பொம்மைக் கடைல ஒருத்தர் பாத்துக்கறது நல்லது. கவர் பிரிச்சுப் பாக்க முடியாது, அட்டைய நம்பித்தான் வாங்கணும். சாதாரணமா 200, 300 யென்னுக்கே நல்லது கிடைக்கும், அபூர்வமானதுக்கு ஆயிரக்கணக்குல போகும். வாங்கினதும் கடைசிப் பக்கத்த தவறாம பாருங்க. அச்சடிச்ச தேதி, குழு பேரு, அச்சகம் பேரு இருக்கும். என் ஊடோன் கடைப் புத்தகத்துல அதுக்குக் கீழ சின்ன எழுத்துல ரெண்டு வரி: மூல ஆசிரியருக்கும் கம்பெனிக்கும் இதுல சம்பந்தம் இல்ல, அவங்கள தொந்தரவு பண்ணாதீங்க. இணையத்துல ஏத்தாதீங்க. நானும் அதுக்காகத்தான் இங்க ஒரு பக்கம்கூட போட்டோ போடல, எந்த சீரிஸ்னும் சொல்லல.

என்னோட மார்க் அஞ்சுக்கு அஞ்சு. ஆகஸ்ட்லயும் டிசம்பர்லயும் காமிகெட் முடிஞ்ச அடுத்தடுத்த வாரங்கள்ல போனா அலமாரி புதுசா நிரம்பி இருக்கும். தம்பி ஊருக்குப் போய் 12 பக்கம் வரைஞ்சு அனுப்பியிருக்கான், பென்சில்லயே. அதே வில்லன், ஊடோனுக்கு பதிலா ஸ்ரீரங்கத்துல டீக்கடை. ஆபீஸ் அக்கா பாத்துட்டு, டிசம்பருக்கு 30 காப்பி போடலாம், என் டேபிள்ல பாதி இடம் தர்றேன்னு சொல்லியிருக்காங்க.